தோள் மூட்டு மாற்றியவர் மறுபடி விளையாட: டர்பன் நகரக் கடைகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

தோள் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் பழத்தோடு ஒரு ரப்பர் பந்தையோ கைப்பிடி ஸ்பிரிங்கையோ கொண்டுவருவது உண்டு. விரல்களுக்கும் கையின் ரத்த ஓட்டத்துக்கும் அது நல்லது. தோளுக்கு அதன் பலன் போய்ச் சேராது. புல்தரையில் பந்து உருட்டும் லான் போல்ஸுக்கும், கோல்ஃப் மைதானத்துக்கும், கடலோரத் தூண்டிலுக்கும் தோளைத் திரும்பக் கொண்டுபோகிற சாமான்கள் வேறு. அவற்றில் சில மிக மலிவு, சில வீண் செலவு, ஓரிரண்டு தவறான ஆளின் கையில் ஆபத்து. ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதே இந்த மதிப்பீடு.

எந்த மூட்டு என்று தெரிந்த பிறகே கடைக்கு

முதலில் டிஸ்சார்ஜ் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அனாட்டமிக் என்று இருக்கிறதா, ரிவர்ஸ் என்று இருக்கிறதா? அது தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுக்கும் இடமாக இருந்தால் அங்கே மறுமுறை போகவும் வேண்டாம்.

அனாட்டமிக் என்றால் இயற்கையில் இருந்த அமைப்பே: மேற்கை எலும்பின் தலையில் உலோகப் பந்து, தோள்பட்டை எலும்பின் குழியில் பாலிஎத்திலீன் கிண்ணம். பந்தைக் குழிக்குள் பிடித்து வைப்பது சுற்றியுள்ள ரொட்டேட்டர் கஃப் தசைகள். ஆபரேஷனுக்கு வழி விட, முன்பக்கத்தில் இருக்கும் சப்ஸ்கேபுலாரிஸ் தசையின் நாணை எலும்பிலிருந்து பிரித்து, கடைசியில் மறுபடி தைத்து விடுகிறார்கள். பின்னால் வரும் தடைகளில் பெரும்பாலானவை இந்தத் தையலைக் காப்பாற்றத்தான். கையை வெளிப்பக்கம் அதிகம் திருப்பினால் தையல் இழுபடும். உள்பக்கம் பலமாக அழுத்தினால் நாண் பிய்ந்து வரும். நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழுவது, கனமான கதவை இழுப்பது, நாயின் கயிற்றைப் பிடிப்பது எல்லாம் இதில் அடக்கம்.

ரிவர்ஸில் அமைப்பே தலைகீழ். பந்து தோள்பட்டைப் பக்கம், கிண்ணம் கை எலும்பின் பக்கம். பிரான்ஸின் திஜோன் நகரத்து மருத்துவர் போல் கிராமோன் 1985இல் கொண்டுவந்த வடிவம் இதன் மூலம். கஃப் தசைகள் கிழிந்து பயனற்றுப் போனவர்களுக்காக உருவானது. சுழல் மையத்தை உள்ளே தள்ளி, கையைக் கீழே இறக்கி, டெல்டாய்ட் என்னும் தோளின் மேல்தசைக்கு நெம்புகோல் பலத்தைக் கூட்டுகிறது. இங்கே பயம் வேறு. கையைப் பின்னால் கொண்டுபோய், உடலோடு ஒட்டி, உள்பக்கம் திருப்பினால் கிண்ணம் பந்திலிருந்து கழன்றுவிடலாம். சட்டையைப் பின்பக்கம் சொருகுவது, பின்பாக்கெட்டில் பர்ஸ் எடுப்பது, கையைப் பின்னால் ஊன்றிப் படுக்கையிலிருந்து எழுவது: மூன்றும் அந்த அசைவுதான். முதல் 12 வாரம் இடுப்புக்குப் பின்னால் கை போகவே கூடாது என்பார்கள்.

விளையாட்டுக்குத் திரும்புவோர் கணக்கிலும் வித்தியாசம் உண்டு. வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அனாட்டமிக் வைத்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேரும், ரிவர்ஸ் வைத்தவர்களில் நான்கில் மூன்று பேரும் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள். ரிவர்ஸ் வைத்தவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், தசை ஏற்கெனவே போனவர்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஸ்லிங்

மருத்துவமனையில் கொடுக்கும் சாதாரணத் துணி ஸ்லிங் போதுமா, இடுப்போடு தலையணை வைத்த அப்டக்ஷன் ஸ்லிங் வேண்டுமா என்பதை அறுவை மருத்துவரே சொல்வார். வழக்கமாக 4 முதல் 6 வாரம். தலையணை வைத்தது விலை கூட, ஆனால் இரவுத் தூக்கத்துக்கு அது தேவலை. கை வயிற்றின் குறுக்கே மடங்கி இறுகாமல் சற்று முன்னால் தாங்கி நிற்கும்.

வாங்கும்போது முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் அடிவரை அளந்து கொண்டு போங்கள். ஸ்லிங் குட்டையாக இருந்தால் மணிக்கட்டு தொங்கி விரல் வீங்கும். நீளமாக இருந்தால் முழங்கை பின்னால் நழுவும். ரிவர்ஸ் வைத்தவருக்கு அதுதான் ஆகாத நிலை. பட்டை கழுத்தை அறுக்காமல் எதிர்த் தோளில் படியும் மாடலையே எடுங்கள்.

டர்பனின் டிசம்பர் புழுக்கத்தில் ஸ்லிங்கின் உண்மையான பிரச்சினை அக்குள்தான். வியர்வை தேங்கி வெந்து போகும், காயத்துக்கு அருகிலேயே தோல் புண்ணாகும். அக்குள், தோள் தோலில் இயல்பாகவே வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் கிருமிதான் தோள் மூட்டு மாற்றில் தொற்றுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. நாளைக்கு இரண்டு முறை ஸ்லிங்கைக் கழற்றி, இடுப்பை வளைத்து முன்னால் குனிந்து, கையை யானைத் தும்பிக்கை மாதிரி தளர்வாகத் தொங்கவிடுங்கள். அக்குள் தானாகத் திறக்கும். ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். நைலான் உறை மட்டும் உள்ள ஸ்லிங்கைத் தவிர்த்து, கழற்றித் துவைக்கக்கூடிய உறை உள்ளதை எடுங்கள். மாற்றுக்கு இரண்டு உறை இருந்தால் நிம்மதி.

குளிர்நீர் ஒத்தட மெஷின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் வேண்டும், விலை அதிகம், மின்வெட்டு நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் அதே வேலை நடக்கும். ஆபரேஷன் நாளில் போட்ட நரம்பு மரப்பு ஊசி முழுக்கத் தெளிவதற்கு முன் மட்டும் வைக்காதீர்கள்; தோல் குளிரில் புண்ணாவது தெரியாது.

கதவுக் கப்பி

மலிவுச் சாமான்களில் முதல் இடம் இதற்குத்தான். கதவு மேல் இடுக்கில் செருகும் பட்டை, ஒரு சின்னக் கப்பி, கயிறு, இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். நல்ல கை கீழே இழுக்க, ஆபரேஷன் ஆன கை மேலே போகிறது. பிளாஸ்டிக் அச்சில் சுற்றும் மாடல் சில வாரத்திலேயே கிறீச்சிட்டு இறுகும். உலோக அச்சு உள்ளதையே கேளுங்கள். கயிற்றின் நீளத்தைச் சரிசெய்ய முடிச்சு போட இடம் இருக்க வேண்டும்.

மாட்டும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கதவு உங்களை நோக்கி மூடும் பக்கமாகப் பட்டையைச் செருகுங்கள், இல்லாவிட்டால் இழுக்க இழுக்கக் கதவு திறந்துகொள்ளும். யாரும் வந்து திறக்காதபடி பூட்டிவிடுங்கள். ஆரம்பத்தில் கதவைப் பார்த்தே உட்காருங்கள்: கயிறு கையை உடலுக்கு முன்னாலேயே மேலே கொண்டுபோகும். முதுகைக் கதவுக்குக் காட்டி உட்கார்ந்தால், கை தலையைத் தாண்டும் இடத்தில் கயிறு பின்பக்கமாக இழுக்கத் தொடங்கும், அது பின்னாட்களுக்கு.

கை ஏறும்போது தோள்பட்டை காதை நோக்கி எழும்பினாலோ முதுகு பின்னால் சாய்ந்தாலோ, மூட்டு திறக்கவில்லை, உடம்பு ஏமாற்றுகிறது என்று பொருள். எதிரே ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். 10 முறை, மேலே 5 வினாடி, நாளைக்கு மூன்று வேளை. கப்பி இழுக்கும்போது ஆபரேஷன் ஆன கையின் தசையும் கொஞ்சம் வேலை செய்துவிடும் என்பதால், முதல் 6 வாரத்தில் இதை அனுமதிக்காத மருத்துவர்களும் உண்டு. கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

கப்பியின் ஜோடி ஒரு கோல். துடைப்பக் கட்டையின் கம்பு 90 செ.மீ. அளவில் வெட்டினால் போதும். மருந்துக் கடையில் விற்கும் அலுமினியக் கோல் வேண்டாத செலவு. மல்லாந்து படுத்து, முழங்கைக்குக் கீழே மடித்த துண்டு வைத்து, நல்ல கையால் கோலைத் தள்ளி மற்ற கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். அந்தத் துண்டு முக்கியம். அது இல்லாவிட்டால் முழங்கை உடலைவிடத் தாழ்ந்து முன்பக்கத் தையல் இழுபடும். அனாட்டமிக் வைத்தவருக்கு முதல் 6 வாரம் சுமார் 30 டிகிரி வரைதான் என்று பல மருத்துவர்கள் எல்லை வைக்கிறார்கள்.

ரப்பர் பட்டைகள்

விளையாட்டுக்குத் திரும்புகிறவர் அதிகக் கவனத்தோடு வாங்க வேண்டியது இதுவே. மிகவும் தவறாகப் பயன்படுவதும் இதுவே.

தெரபேண்ட் கம்பெனியின் நிற வரிசையை நிறையப் பேர் பொதுவிதி என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, வேறு கம்பெனியின் மஞ்சள் வேறு பலம். தெரபேண்டில் மட்டும் வரிசை பழுப்பு, மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளி, தங்கம். இருக்கும் நீளத்தைப் போல இருமடங்காக இழுத்தால் மஞ்சள் சுமார் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6, கறுப்பு 3.3 கிலோ எதிர்ப்பைத் தரும். தோளுக்கு மஞ்சள், சிவப்பு, பச்சை மூன்றும் போதும். நீலம் வேண்டியவர்கள் குறைவு. வெள்ளியும் தங்கமும் தோள் மாற்றியவருக்கு எந்நாளும் வேண்டாம். முழு செட்டாக விற்பதை வாங்கிப் பாதியைப் பெட்டியில் போட வேண்டியதில்லை, சுருளிலிருந்து ஒவ்வொன்றும் 2 மீட்டர் வெட்டி வாங்குங்கள்.

நிறத்தைவிடப் பட்டையின் நீளம்தான் எதிர்ப்பைத் தீர்மானிக்கிறது. 50 செ.மீ. நீளப் பட்டையை 50 செ.மீ. இழுத்தால் அது இருமடங்கு. அதே நிறத்தில் 2 மீட்டர் பட்டையை அதே 50 செ.மீ. இழுத்தால் கால் பங்குதான் நீள்கிறது, எதிர்ப்பு பாதிக்கும் கீழே. “சிவப்பு எனக்கு லேசாக இருக்கிறது” என்கிறவர் தூரத்தில் நின்று செய்கிறாரா, அருகில் நின்று செய்கிறாரா என்று முதலில் பாருங்கள். தரையில் ஒரு டேப் ஒட்டி தினமும் அதே இடத்தில் நில்லுங்கள்.

பட்டையைக் கட்டும் இடம் முழங்கை உயரம். முழங்கையை 90 டிகிரி மடித்து, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்து, வெளிப்பக்கம் திருப்புதல் ஒன்று, உள்பக்கம் திருப்புதல் ஒன்று, பின்னால் இழுக்கும் படகுத்துடுப்பு அசைவு ஒன்று. துடுப்பு அசைவில் முழங்கை விலா வரை வந்து நிற்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் போகக் கூடாது. ரிவர்ஸ் வைத்தவர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம். 12 முதல் 15 முறை, இரண்டு அல்லது மூன்று சுற்று, வாரம் 3 நாள். எதிர்ப்புப் பயிற்சிகள் பெரும்பாலும் 12 வாரத்துக்குப் பிறகே. அனாட்டமிக்கில் உள்பக்கம் திருப்புதலை அதற்கு முன் தொட்டால், 2 மாதம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த தோள் ஒரே வாரத்தில் சப்ஸ்கேபுலாரிஸ் நாணை இழக்கலாம். வலி இல்லை என்பதை நம்ப முடியாது: கெட்டுப்போன பழைய மூட்டின் வலி ஆபரேஷனோடு போய்விடுகிறது, நாணோ இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

செய்யும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நிறத்தை அல்ல, எண்ணிக்கையைக் குறையுங்கள்.

லேடெக்ஸ் வெயிலுக்கும் நீச்சல்குளக் குளோரினுக்கும் பகை. கடற்காற்று வீசும் வராண்டாவில் கதவுப்பிடியிலேயே கட்டி விட்டால் சில மாதத்தில் வெளுத்து நுண்கீறல் விழும். மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழுத்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். முழு இழுவையில் அறுந்தால் முகத்தில் அடிப்பதோடு, தோளும் எதிர்பாராமல் உதறும். ஒட்டாமலிருக்க வைக்கும்போது கொஞ்சம் டால்கம் பவுடர் தடவுங்கள்.

மீன் தராசு

பட்டியலில் இது எதிர்பாராததாக இருக்கும். தூண்டில் சாமான் கடையில் விற்கும் டிஜிட்டல் தொங்குதராசு, பிடித்த மீனை நிறுப்பது, தோள் பலத்தை அளக்க அருமையான கருவி. பிசியோ கிளினிக்கின் டைனமோமீட்டர் விலையில் சிறு பங்கில் கிடைக்கும். உச்ச அளவைத் தானாக நிறுத்திக் காட்டும் மாடலையே கேளுங்கள்.

அசையாத ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் தராசைக் கட்டி, கொக்கியில் அகலமான துணி வளையம் போட்டு மணிக்கட்டில் மாட்டுங்கள். கையை நகர்த்தாமல் 5 வினாடி மெதுவாக அழுத்தத்தைக் கூட்டி வெளிப்பக்கம் இழுங்கள். மூன்று முறை, நடுவே ஒரு நிமிடம் ஓய்வு, சராசரி எழுதுங்கள். அதேபோல உள்பக்கம், பிறகு மற்ற கை. வெடுக்கென்று இழுத்தால் தராசு பொய் சொல்லும், தோளும் நோகும். 4 மாதம் கடந்து, மருத்துவர் முழுப் பலத்துக்கு அனுமதித்த பிறகே இந்தச் சோதனை. நல்ல கையின் 80 சதவீதத்தைத் தொட்டால் கோல்ஃபில் நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையும் தூண்டில் வீச்சும் யோசிக்கலாம் என்பது நியாயமான அளவுகோல். ரிவர்ஸ் வைத்து, வெளிப்பக்கம் திருப்பும் தசைகளே இல்லாதவருக்கு இந்த எண் பொருந்தாது. அவர் போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிட்டால் போதும்.

பிசியோவா, பயோவா

தென்னாப்பிரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் தவிர பயோகினெட்டிசிஸ்ட் என்னும் தனித் தொழில் இருக்கிறது, பேச்சில் பயோ. இருவரும் நாட்டின் சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், பதிவு எண் கேட்பதில் தப்பில்லை. வலி, வீக்கம், முதல் அசைவு பிசியோவின் வேலை. கடைசிக் கட்டப் பயிற்சி, அதாவது அசைகிற தோளை விளையாடுகிற தோளாக்குவது, பயோவின் வேலை. 12 வாரம் வரை முதலாமவர், பிறகு இரண்டாமவர் என்ற ஏற்பாடு செலவுக்குத் தக்க பலனைத் தரும். நேராக ஜிம்முக்குப் போவது வேண்டாம். தலைக்கு மேல் தள்ளும் மெஷினும் கழுத்துக்குப் பின்னால் இழுக்கும் கம்பியும்தான் அங்கே முதலில் காத்திருக்கும்.

நல்ல பயோ முதல் நாளே ஆபரேஷன் குறிப்பைக் கேட்பார், கோணமானியால் அளப்பார், வயிற்றில் உள்ளங்கையை அழுத்தச் சொல்லி முழங்கை முன்னால் நிற்கிறதா பின்னால் சரிகிறதா என்று பார்ப்பார். சரிந்தால் சப்ஸ்கேபுலாரிஸ் பலவீனம். இது எதுவும் இல்லாமல் பட்டையைக் கையில் திணிப்பவரிடம் பணம் வீண். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், இந்த அமர்வுகள் அதன் சேமிப்புக் கணக்கிலிருந்து கழியுமா, ஆபரேஷன் பலனோடு சேருமா என்று முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

லான் போல்ஸ் கம்பு

தோள் மாற்றியவர் முதலில் திரும்பக்கூடிய விளையாட்டு லான் போல்ஸ். பெரும்பாலோருக்கு 3 முதல் 4 மாதத்தில். உருட்டும் பந்தான போல் ஒன்று 1.59 கிலோ வரை எடை. அதற்கு முன் ஜாக் என்னும் சின்ன வெள்ளைப் பந்தால், அது 225 முதல் 285 கிராம்தான், இரண்டு வாரம் வீசிப் பழகுங்கள். பிறகு உங்கள் வழக்கமான அளவைவிட ஒரு அளவு சிறிய போல்.

குனிய முடியாதவர்களுக்காக நுனியில் போலைக் கவ்வும் கம்பு விற்கிறார்கள். முதுகுக்கும் முழங்காலுக்கும் அது வரம். தோளுக்கு அது உதவி என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். எடை அப்படியே இருக்க, கை நீளம் கூடுகிறது. ஊசல் நீளமாக நீளமாக, ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் தோளுக்கு வேண்டிய பலம் கூடும். அதோடு, கம்பு வைத்தவர் நிமிர்ந்து நிற்பதால் வேகத்துக்காகப் பின்னால் நீளமாக ஆட்டத் தூண்டும். அது ரிவர்ஸின் ஆகாத திசை. முதுகு நலமாக இருந்தால் கம்பை விட்டு, ஒரு காலை முன்வைத்துத் தாழ்ந்து, கையைத் தொடைக்குப் பின்னால் ஒரு சாணுக்கு மேல் கொண்டுபோகாமல் விடுங்கள். தூரம் போதவில்லையா? காலடியை நீட்டுங்கள், தோளை அல்ல.

கோல்ஃப்

வலக்கைக்காரருக்கு இடது தோள் முன்தோள். கிளப் என்னும் மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது அது மார்பின் குறுக்கே மடங்கும், அடித்து முடியும்போது வெளிப்பக்கம் திரும்பும். இடது அனாட்டமிக் என்றால் முடிவில் கவனம். வலது தோளுக்கோ பின்ஸ்விங்கின் உச்சியில் கை உயர்ந்து வெளிப்பக்கம் திரும்பும் இடமே சிக்கல். 3 மாதத்தில் பட்டிங், சிப்பிங் என்னும் சின்ன அடிகள், 4 மாதத்துக்கு மேல் குட்டை அயர்ன் மட்டைகள், 6 மாதத்தில் டிரைவர் என்பது பல மருத்துவர்கள் தரும் வரிசை.

செலவு செய்வதென்றால் மட்டையின் தண்டான ஷாஃப்ட் கிராஃபைட்டில் இருக்கும்படி செய்யுங்கள். எஃகைவிட எடை குறைவு, அதிர்வும் குறைவு. சிமென்ட் மேல் ரப்பர் விரித்த பயிற்சி மேடையில் அயர்னால் தரையைக் கொத்துவது தோளுக்கு மோசமான அடி. முதல் மாதங்களில் அயர்னால் அடிக்கும்போதும் பந்தை டீ என்னும் சின்ன முளை மேல் வைத்தே அடியுங்கள். ஸ்விங்கை முக்கால் அளவுக்குச் சுருக்குவதில் குறை ஒன்றுமில்லை. நிறவெறிக் காலத்தில், 1963இல் நட்டால் ஓபன் கோல்ஃப் போட்டியை வென்றும் மழையில் வெளியே நின்றபடி கோப்பை வாங்க நேர்ந்த நம் டர்பன்காரர் பப்வா செவ்கோலம், புத்தகத்துக்கு நேர்மாறாகக் கைகளை மாற்றிப் பிடித்தே ஆடினார். பந்து போகும் இடம்தான் கணக்கு.

தூண்டில்

குளிர்காலத்தில் ஷேட் மீன் வந்துவிட்டால் வீட்டில் உட்கார மனம் வராது. ஆனால் 14 அடிக் கம்பில் 5 அவுன்ஸ் ஈயத்தைத் தலைக்கு மேல் வீசுவது இந்தப் பட்டியலிலேயே கடினமான தோள் அசைவு. கம்பின் மேல்பக்கம் பிடிக்கும் கை, உயர்ந்து வெளிப்பக்கம் திரும்பிய நிலையிலிருந்து கணத்தில் உள்பக்கம் பாய்கிறது. கம்பின் அடியைப் பிடிக்கும் கீழ்க்கை வெடுக்கென்று உடலை நோக்கி இழுக்கிறது. ரிவர்ஸ் வைத்த கை கீழ்க்கையாக இருந்தால் முழங்கை விலாவைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது.

6 மாதத்துக்குப் பிறகு, 9 அல்லது 10 அடி லேசான கம்பு, சுழலாத ஸ்பூல் (நூல் உருளை) உள்ள சின்ன ரீல், 2 அவுன்ஸ் ஈயம். தலைக்கு மேல் வேண்டாம். பக்கவாட்டில், இடுப்பைத் திருப்பி, கைகள் மார்பு உயரத்தைத் தாண்டாமல் வீசுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பாருங்கள், பக்கவீச்சு அகலம் எடுக்கும். ஸ்கார்பரோ ரீலில் கையின் ஒரு சுற்றுக்கு ஸ்பூலும் ஒரே சுற்றுதான், பல்சக்கர உதவி கிடையாது. முதல் வருடம் அது சுவரிலேயே தொங்கட்டும். கம்பின் அடியைத் தாங்கும் இடுப்புப் பக்கெட்டும், மணலில் குத்தும் கம்புத் தாங்கியும் கட்டாயம் வாங்குங்கள். இரண்டும் மலிவு, மீன் வரும்வரை கம்பைக் கையில் ஏந்தி நிற்கும் மணிக்கணக்கான சுமை குறையும்.

உண்மையில் தோள் போவது வீச்சில் அல்ல, ஈயம் பாறையில் சிக்கும்போது. கம்பைத் தூக்கி உதறி உதறி விடுவிக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்யாமல் கம்பை நூலுக்கு நேராக நீட்டி, ஸ்பூலைப் பிடித்து, இரண்டடி பின்னால் நடந்து நூலை அறுத்துவிடுங்கள். ஈயத்தின் விலை சில ராண்டுதான். அடுத்தது வழுக்கல். கை எலும்புக்குள் இறங்கும் புது மூட்டின் தண்டுக்குக் கீழே எலும்பு முறிந்தால் சரிசெய்வது முதல் ஆபரேஷனைவிடச் சிக்கல். பாசி படிந்த பாறையை விட்டு மணலிலோ கடலுக்குள் நீளும், கைப்பிடிச் சுவருள்ள பியர் மேடையிலோ நில்லுங்கள். அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை ஷேட் பிடிக்கத் தடை என்பதால், அந்த இரண்டு மாதத்தைப் பட்டைப் பயிற்சிக்கு ஒதுக்கத் தோதாக இருக்கும்.

குளம், காவடி

காயம் முழுக்க மூடி, மருத்துவர் சரி என்ற பிறகு மார்பளவு தண்ணீரில் நடப்பது மிக நல்ல பயிற்சி. தண்ணீரே கையைத் தூக்கிக் கொடுக்கும். உபகரணத்தில் துடுப்புக்கால் நல்லது. கைத்துடுப்பு வேண்டாம். மிதவைப் பலகையை நீட்டிப் பிடித்தால் அது தோளை மேலே நெம்பும், ஆரம்பத்தில் அதுவும் வேண்டாம். மார்பு நீச்சல் 4 மாத அளவில். ஃப்ரீஸ்டைல் 6 மாதம், அதுவும் ரிவர்ஸில் எல்லோருக்கும் சுகமாக வராது. வெளியே வரும்போது குளத்து விளிம்பில் இரு கையும் ஊன்றி எம்பாதீர்கள், படிக்கட்டு வழியே வாருங்கள். கரையில் உடையும் கடல் அலை கையைப் பிடித்துத் திருகும் என்பதால் கடல்குளியல் முதல் வருடம் ஒத்திப்போடத் தக்கது.

ரிவர்ஸ் வைத்தவர்களுக்கு ஒன்று: விளையாட்டைக் கூட்டிக்கொண்டு போகும் மாதங்களில் தோளின் மேல்முனை எலும்பில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய புது வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். டெல்டாய்டின் இழுப்பால் அக்ரோமியன் என்னும் அந்த எலும்பில் விழும் மயிரிழை முறிவாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு, சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா என்ற கேள்வி இங்கே கோல்ஃபைவிட அதிகம் எழும். கட்டையின் எடை நேராகத் தோளில் இறங்குவதைவிட, அது சாயாமல் உயர்த்திய கையால் மணிக்கணக்கில் பிடித்திருப்பதே பிரச்சினை. பால்குடமும் அப்படித்தான், தலைமேல் வைத்து இரு கையாலும் பிடிக்க வேண்டும். பல மருத்துவர்கள் அந்தக் கைக்கு வைக்கும் சுமை எல்லை 10 முதல் 12 கிலோ, அதுவும் இடுப்பு உயரத்தில். முதல் வருடம் சின்னச் செம்பில் பாலெடுத்து மார்போடு அணைத்துப் போங்கள், கூட்டம் இடிக்காதபடி ஆபரேஷன் ஆன கையின் பக்கம் வீட்டு ஆள் ஒருவர் நடக்கட்டும்.